பருப்பு விலை இறங்கிடுச்சு, எனக்குச் சந்தோஷம். துவரை போட்டவங்களுக்கு? (2025 பிப்ரவரி)

உறையூர்_மெஸ்

எல்லாருக்கும் வணக்கம். உறையூர்ல சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன். மதியம் அறுபது, எழுபது இலை விழும். ஒரு நாளைக்கு மூணரை கிலோ துவரம்பருப்பு வேகும். போன ஆடியில கிலோ 178 ரூபாய்க்கு எடுத்தேன். சாப்பாடு 80 ரூபாய்ங்கிற போர்டை 90 ஆக்கினா ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளைங்க வரமாட்டாங்க. அதனால பருப்பை ரெண்டரை கிலோவாக் குறைச்சிட்டு, பரங்கிக்காயை வேகவச்சு மசிச்சு ஊத்தி சாம்பாரைக் கெட்டியாக்கினேன். தினமும் வர்ற ஒரு பெரியவர், "என்னம்மா, சாம்பார் இனிக்குதே"ன்னார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியல.

இப்போ அதே பருப்பு 128. மறுபடி மூணரை கிலோ போடுறேன். நிம்மதியா இருக்கு. ஆனா சரக்கு இறக்க வந்தவர் ஒண்ணு சொல்லிட்டுப் போனார். கர்நாடகாவுல குல்பர்கா பக்கம் துவரை விவசாயிங்களுக்கு அரசாங்கம் சொன்ன ஆதரவு விலை கூடச் சந்தையில கிடைக்கலையாம். அன்னைலேர்ந்து மனசுல உறுத்துது. நாங்க 178 குடுத்தப்போ அந்தக் காசு அவங்களுக்குப் போயிருக்கணும்ல? போகலைன்னா எங்க போச்சு? இப்போ 128 ஆனதுல யார் வயித்துல அடிச்சு நான் நிம்மதியா இருக்கேன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விருதுநகர்_பருப்பு

தங்கச்சி, பருப்பு மில்லுல முப்பது வருஷம் கணக்கு எழுதினவன் நான். கணக்கைச் சொல்றேன், நீங்களே பாருங்க.

நூறு கிலோ துவரையை உடைச்சா பருப்பு எழுபதுலேர்ந்து எழுபத்தஞ்சு கிலோதான் நிக்கும். மிச்சம் தோலு, குருணை, பொட்டு. மாட்டுத் தீவனத்துக்குப் போகும். இந்த 2024-25 வருஷத்து ஆதரவு விலை குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோவுக்கு, 7550. அந்த விலைக்கு எடுத்து 72 கிலோ பருப்பு வந்தா, கிலோ அடக்கமே 105 ரூபாய். அதுக்கு மேல மில் கூலி, சாக்கு, லாரி வாடகை, மொத்தக்கடை, சில்லறைக்கடை. பாக்கெட்டுல அடைச்சா 5 சதவீதம் ஜிஎஸ்டி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தா, உங்க கைக்கு 128க்கு வரணும்னா துவரை சந்தையில 7000 பக்கம் கைமாறியிருக்கணும். உங்க ஆள் சொன்னது சரிதான்.

அடுத்தது 178. துவரை தை, மாசியில அறுவடை. சின்ன விவசாயி பங்குனிக்குள்ள வித்துருவார், வீட்டுல வச்சிருக்க முடியாது. கடன் இருக்கு, வண்டு விழும். விலை ஏறுறது வைகாசி, ஆனிக்கு மேலதான், அடுத்த மழை எப்படியோங்கிற பயத்துல. நீங்க ஆடியில குடுத்த 178ல அவர் பங்கு தையிலேயே முடிஞ்சுபோச்சு.

உறையூர்_மெஸ்

அப்போ ஏறின காசு வியாபாரி கைக்குத்தானே அண்ணாச்சி போச்சு?

விருதுநகர்_பருப்பு

கொஞ்சம் போச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். சரக்கைப் பிடிச்சு வச்சு சம்பாதிச்சவன் இருக்கான். 2015 அக்டோபர்ல நாடு முழுக்கச் சோதனை நடந்தப்போ குடோன் குடோனா பருப்பு வெளிய வந்ததே, பொய்யா?

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 2023 ஜூன்ல இருப்பு உச்சவரம்பு போட்டாங்க. மொத்த வியாபாரி 200 டன்னுக்கு மேல வைக்கக் கூடாது. செப்டம்பர்ல அதை 50 டன்னாக் குறைச்சாங்க. பதுக்கலைத் தடுக்கத்தான் போட்டது. ஆனா இந்த உத்தரவு எப்போ வரும், எப்போ போகும்னு தெரியாத வியாபாரி அறுவடை நேரத்துல துணிஞ்சு வாங்க மாட்டான். பத்து லோடு எடுக்கிறவன் ரெண்டு லோடோட நிறுத்திக்குவான். அன்னிக்குச் சந்தையில குவியலோட நிக்கிறது யாரு? விவசாயிதான்.

ஊத்தங்கரை_மானாவாரி

அக்கா, நான் துவரை போடுறவன். கிருஷ்ணகிரி மாவட்டம், மூணு ஏக்கர் மானாவாரி. கெணறு இருக்கு, தண்ணி கெடையாது. ஆடியில கடலை வெதைக்கும்போது ஆறு சால் (வரிசை) கடலைக்கு ஒரு சால் துவரை விடுவோம். கடலை புரட்டாசி, ஐப்பசியில வந்துரும், துவரை தை வரைக்கும் நிக்கும். வேர் ஆழமாப் போகும், கொஞ்ச நாள் மழை இல்லாட்டியும் தாங்கும். எங்க அப்பா காலத்துலேர்ந்து வீட்டுச் சாம்பாருக்கு வெளிய வாங்குனதில்ல.

2015 தையில துவரையைக் கிலோ 55 ரூபாய்க்கு வித்தேன். அதே வருஷம் தீபாவளி சமயத்துல கடையில பருப்பு 200க்குக் கிட்ட போச்சு. வீட்டுல வச்சிருந்ததும் தீந்துபோய், அரைக்கிலோ நூறு ரூபாய் குடுத்து நானே வாங்கினேன். தையில நான் போட்ட மூட்டையே உடைஞ்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அந்த விலையைப் பார்த்துத்தான் 2016 ஆடியில மூணு ஏக்கரும் தனித் துவரையா வெதைச்சேன். அந்த வருஷம் மழை என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஐப்பசியில செடி இடுப்பளவு நின்னு நல்லாப் பூத்துச்சு. அப்புறம் ஒரு சொட்டு இல்ல. காலையில போய்ப் பார்த்தா பூவெல்லாம் கொட்டி, செடிக்கு அடியில மஞ்சப்பொடி தூவின மாதிரி கெடக்கும். காஞ்ச செடியைப் பிடிச்சு ஆட்டினா காயிலேர்ந்து சத்தம் வரணும், அதுவும் வரல. மூணு ஏக்கருக்கு மூணு மூட்டை. அடுப்பெரிக்கக் காஞ்ச மாரு (துவரங்குச்சி) மட்டும் வண்டி வண்டியா இருந்தது.

2017 தையில அந்த மூணு மூட்டையை எடுத்துட்டுப் போனேன். விளைச்சல் இல்லாத வருஷமாச்சே, போன வருஷத்த விட ஒசந்திருக்கும்னு நெனச்சேன். கிலோ 42ன்னார் வியாபாரி. "என்ன சாமி, எங்க ஊர்ல ஒருத்தன் கிட்டயும் துவரை இல்லையே, எப்படி எறங்கும்?"னு கேட்டேன். "வடக்க மலையாக் குவிஞ்சு கெடக்கு, கப்பல்லயும் வருது"ன்னார். அது வரைக்கும் என் வெலையை எங்க ஊரு மழைதான் முடிவு பண்ணுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

கணக்கு_வாத்தியார்

ஊத்தங்கரை அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் உங்களுக்கு நடந்தது புரியும்.

2014இல் தென்மேற்குப் பருவமழை நாட்டளவில் 12 சதவீதம் குறைவு. 2015இல் 14 சதவீதம் குறைவு. துவரை விளையும் மகாராஷ்டிரத்து மராத்வாடா, வட கர்நாடகம் இரண்டும் இரண்டு ஆண்டும் காய்ந்தன. 2015-16 விளைச்சல் 26 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. நம் நாட்டுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் துவரை வேண்டும். அதனால்தான் 200 ரூபாய். தமிழக அரசு அந்த நவம்பரில் கூட்டுறவுக் கடைகளில் கிலோ 110க்கு விற்க வேண்டி வந்தது.

பிறகு மூன்று காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன. 2016-17க்கு ஆதரவு விலையை ஊக்கத்தொகையோடு சேர்த்து 5050 ஆக்கினார்கள். 2016 ஜூலையில் மொசாம்பிக்கோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள்: முதலாண்டு 1 லட்சம் டன், 2020-21இல் 2 லட்சம் டன் வரை அங்கிருந்து வாங்குவோம் என்று. மூன்றாவது, அந்த ஆண்டு வடக்கே மழை நன்றாகப் பெய்தது. 200 ரூபாயைப் பார்த்த விவசாயிகள் எல்லோரும் உங்களைப் போலவே விதைத்தார்கள். 40 லட்சம் ஹெக்டேருக்குச் சற்றுக் கீழே இருந்த பரப்பு 53 லட்சத்தைத் தாண்டியது. விளைச்சல் ஏறத்தாழ 49 லட்சம் டன், முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதே நிதியாண்டில் எல்லாப் பருப்பு வகைகளும் சேர்த்து 66 லட்சம் டன் இறக்குமதியும் ஆகியிருந்தது.

தமிழ்நாட்டில் அதே 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். ஆக, உங்கள் வயலில் வறட்சி, நாட்டில் அமோக விளைச்சல், துறைமுகத்தில் கப்பல். வறட்சி ஊருக்கு ஊர் வேறு. விலை நாடு முழுக்க ஒன்று.

எனக்குக் கோபம் வருவது தேதிகளைப் பார்க்கும்போதுதான். 2016 டிசம்பரிலிருந்தே துவரை சந்தைக்கு வந்து விலை ஆதரவு விலைக்குக் கீழே போய்விட்டது. துவரைக்கு 10 சதவீத இறக்குமதி வரி போட்டது 2017 மார்ச் கடைசியில். ஆண்டுக்கு 2 லட்சம் டன்தான் இறக்குமதி என்று வரம்பு கட்டியது ஆகஸ்டில். 2006இலிருந்து இருந்த ஏற்றுமதித் தடையைத் துவரைக்கு நீக்கியது செப்டம்பரில். அதற்குள் விவசாயி வீட்டில் ஒரு மணி துவரை இல்லை.

சேலம்_இளவட்டம்

இவ்ளோ தெரிஞ்ச பிறகும் எதுக்கு இறக்குமதி? மொத்தமா நிறுத்துங்க. நம்ம விவசாயி விளைவிக்கிறதை நாம சாப்பிடுவோம். வெளிநாட்டுக்காரனுக்கு ஏன் காசு குடுக்கணும்?

உறையூர்_மெஸ்

தம்பி, உங்க கோவம் புரியுது. ஆனா போன வருஷம் கப்பல் வரலைன்னா 178 எங்க போய் நின்னிருக்கும்? என் மெஸ்ல ரெண்டு பொம்பளைங்க வேலை பாக்குறாங்க. ஒருத்திக்கு வீட்டுக்காரர் இல்ல. 220 ஆகியிருந்தா நான் மூடியிருப்பேன், அவ வேலை போயிருக்கும்.

ரேஷன்ல கிலோ 30 ரூபாய்னு மாசம் ஒரு கிலோ குடுக்கிறாங்க. எங்க தெருவுல பாதி வீட்டுக்கு அதுதான் பருப்பு. போன வருஷம் மே மாசத்துப் பருப்பு தாமதமாகி ஜூன்லதான் கிடைச்சது. அந்த மாசம் தெருவுல யார் வீட்டுலயும் சாம்பார் வாசம் வரல, ரசமும் துவையலும்தான். விவசாயிக்கு நல்ல விலை வேணும், நான் மறுக்கல. ஆனா பருப்பை விட்டா இந்தப் பிள்ளைங்களுக்குச் சத்துக்கு வேற என்ன இருக்கு?

கணக்கு_வாத்தியார்

தம்பி, ரேஷனுக்கு மட்டுமே தமிழ்நாட்டுக்கு மாதம் சுமார் 20,000 டன் துவரம்பருப்பு வேண்டும். நம் மாநிலத் துவரை விளைச்சல் அதற்குக் கிட்டவே வராது. நாட்டளவிலும் அப்படித்தான், 2023-24இல் விளைந்தது 34 லட்சம் டன் அளவில். மீதி எங்கிருந்தாவது வந்துதான் ஆக வேண்டும். எனக்குச் சண்டை இறக்குமதியோடு இல்லை, அது எப்போது வருகிறது என்பதோடு.

குல்பர்கா_வங்கி

நான் கலபுரகியில் வங்கி வேலையில் இருக்கும் தமிழன். பழைய ஆட்கள் இன்னும் குல்பர்கா என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஊர்த் துவரைக்குப் புவிசார் குறியீடு உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், எல்லாம் மழையை நம்பித்தான்.

அக்கா கேட்ட 178 எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். 2022-23 பருவத்தில் காய் பிடிக்கும் நேரத்தில் வாடல் நோய் வந்து பச்சையாய் நின்ற செடிகள் அப்படியே காய்ந்தன. அடுத்த 2023 ஆகஸ்ட், 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். கர்நாடகத்தில் 236 தாலுகாக்களில் 223ஐ வறட்சி என்று அறிவித்தார்கள். விலை ஏறியபோது இங்கே விற்க ஆளுக்கு இரண்டு மூட்டைதான் இருந்தது. விலை இருந்தது, சரக்கு இல்லை.

இந்த ஆண்டு சரக்கு இருக்கிறது. போன வாரம் சந்தைக்குப் போனேன். ஒரு பெரியவர் குவியலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கைப்பிடி எடுத்து, சிவப்பாக இருந்ததை ஊதி ஊதிக் காட்டினார், தூசியே இல்லை பாருங்கள் என்று. ஏலம் 7100இல் நின்றது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் 7550, அதோடு மாநில அரசின் 450 சேர்த்து 8000 கிடைக்கும். அங்கே ஏன் போகவில்லை என்று கேட்டேன். முன்பதிவு செய்ய வேண்டும், ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பணம் கணக்கில் ஏற நாளாகும் என்றார். பயிர்க்கடனுக்கு மார்ச் கெடு. வீட்டில் கல்யாணம். ஒரு குவிண்டாலுக்கு 900 ரூபாயை அவர் தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போனார். கடன் கணக்கை வைத்திருக்கும் வங்கிக்காரனாக அங்கே நிற்க எனக்குக் கூசியது.

இந்த 2025 பட்ஜெட்டில், துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் விவசாயி கொண்டுவரும் அளவுக்கு நாஃபெட், என்சிசிஎஃப் என்ற இரண்டு மத்தியக் கூட்டுறவு அமைப்புகளும் நான்கு ஆண்டுகளுக்கு வாங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் மூன்று நாளில் பணம் ஏறினால்தான் அந்தப் பெரியவருக்கு அது உதவும்.

விருதுநகர்_பருப்பு

வாத்தியார் சொன்ன "எப்போ"ங்கிறதுக்கு ஒண்ணு சேர்க்கிறேன். ஆப்பிரிக்காத் துவரை ஆகஸ்ட், செப்டம்பர்ல அறுவடை. கப்பல் இங்க வர்றது ஐப்பசி, கார்த்திகை. அதாவது நம்ம துவரைக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம் முந்தி. பர்மாலேர்ந்து வர்ற லெமன்ங்கிற ரகத் துவரை நம்ம அறுவடையோட அறுவடையா சென்னைக்கு வந்து இறங்கும். மில்லுக்காரன் அதை வாங்கி நிரப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் நம்மாளு மூட்டையோட வர்றார்.

இது போக, 2023 டிசம்பர்ல மஞ்சள் பட்டாணிக்கு இறக்குமதி வரியை எடுத்துட்டாங்க. 2024ல ஏறத்தாழ 30 லட்சம் டன் வந்தது. அது துவரை இல்லைதான். ஆனா ஓட்டலுக்கும் கடலைமாவுக்கும் அதுதான் இப்போ போகுது. ஒரு பருப்பு மலிஞ்சா அத்தனை பருப்பையும் இழுத்துக்கிட்டு இறங்கும்.

கணக்கு_வாத்தியார்

அண்ணாச்சி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துவரையை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்ற அனுமதியை 2026 மார்ச் வரை நீட்டிய உத்தரவு வந்தது இந்த 2025 ஜனவரியில். அறுவடை நடந்துகொண்டிருக்கும்போதே. அந்தச் செய்தி வந்த பிறகு எந்த வியாபாரி அவசரப்பட்டு வாங்குவான்?

சேலம் தம்பிக்கும் ஒன்று. மொசாம்பிக்கில் துவரை போடுகிறவரும் ஊத்தங்கரை அண்ணாவைப் போல ஓரிரு ஏக்கர் மானாவாரிக்காரர்தான். அந்த ஊர்க்காரர்கள் துவரையை அதிகம் சாப்பிடுவதில்லை, நம்மை நம்பியே விதைக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் நாம் திடீரென்று வரம்பு கட்டியபோது அவர்கள் அறுவடையை முடித்துக் கையில் வைத்திருந்தார்கள். அங்கே விலை படுத்துவிட்டது. 2023 கடைசியில் அவர்கள் பக்கம் நக்காலா துறைமுகத்தில் சரக்கு தேங்கியபோது இங்கே விலை ஏறியது. சட்டென்று திறந்து சட்டென்று மூடினால் இரண்டு கரையிலும் ஏழைதான் விழுகிறான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரியை ஆதரவு விலையோடு கட்டிப் போடுங்கள். இறக்குமதியாகும் துவரையின் அடக்க விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால் அன்றே வரி ஏறட்டும். உள்ளூர் விலை எல்லை தாண்டி ஏறினால் வரி தானாகவே இறங்கட்டும். அந்த இரண்டு எல்லைகளையும் விதைப்புக்கு முன்னால், மே மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்போது விதைக்கிறவருக்கும் தெரியும், கப்பல் பிடிக்கிறவருக்கும் தெரியும், மெஸ் நடத்துகிற அக்காவுக்கும் தெரியும்.

சேலம்_இளவட்டம்

மொசாம்பிக் விஷயம் எனக்குத் தெரியாது சார். மொத்தமா நிறுத்தணும்னு சொன்னதை வாபஸ் வாங்குறேன். ஆனா ஊத்தங்கரை அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு ஆதரவு விலைன்னு ஒண்ணு கையில கெடைக்குதா? எங்க பக்கம் நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் பார்த்திருக்கேன். துவரைக்குப் பார்த்ததே இல்ல.

ஊத்தங்கரை_மானாவாரி

தம்பி கேட்டது நாயமான கேள்வி. ஆதரவு விலைங்கிறதை நான் ரேடியோவுல கேட்டிருக்கேன், கையில வாங்குனதில்ல. மூணு மூட்டை, அஞ்சு மூட்டைக்காரன் எடுத்துட்டுப் போற தூரத்துல நிலையம் இல்ல. வண்டி வாடகைக்கே போயிரும். மாசம் 20,000 டன் ரேஷனுக்கு வேணும்னு வாத்தியார் சொல்றாரு. டெண்டர் விடுற அரசாங்கம், எங்க ஒன்றியத்துல தை மாசம் பதினஞ்சு நாள் ஒரு லாரியை நிறுத்தி ஆதரவு விலைக்கு எடுத்துக்கட்டும். அந்த அளவு அவங்களுக்குத் தூசி. எங்களுக்கு வருஷம் முழுக்கப் போதும்.

மழை இருந்தா எல்லாம் சரியாயிரும்னும் இல்ல. இந்த வருஷம் நல்லாப் பெஞ்சுது, காய் கொத்துக் கொத்தா நின்னுச்சு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல், எங்க ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். ஏரி ஒடைஞ்ச மாதிரி வந்தது. ரெண்டு நாள் தண்ணியில நின்ன துவரை அழுகிப்போச்சு. மேட்டுப் பக்கத்துல தப்பிச்சதை அடிச்சு நாலு மூட்டை சேர்த்திருக்கேன்.

உறையூர்_மெஸ்

அண்ணா, படிக்கப் படிக்க என்ன சொல்றதுன்னு தெரியல. ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நாலு மூட்டையை வியாபாரிக்கிட்ட போட்டுட்டீங்களா? இல்லைன்னா எனக்குக் குடுப்பீங்களா? ஆதரவு விலைக்கணக்கு என்ன வருதோ அதுக்கு மேல அண்ணாச்சி சொன்ன மில் கூலி, வண்டி எல்லாம் சேர்த்தே குடுக்குறேன். எனக்கு 128க்கு மேல ஆனாலும் 135 வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா நேராச் சொல்லிடுவேன்.

ஊத்தங்கரை_மானாவாரி

அக்கா, ஒரு மூட்டை வெதைக்கும் வீட்டுக்கும். மூணு மூட்டை தர்றேன். ஆனா மெஷின் பருப்பு மாதிரி பளபளன்னு இருக்காது, சொல்லிடறேன். எங்க ஊர்ல இன்னும் ரெண்டு வீட்டுல செம்மண் கட்டி ஒடைக்கிறாங்க. துவரையை ஊறவச்சு, செம்மண் கரைசல்ல பெரட்டி, வெய்யில்ல காயவச்சு, மண்ணை ஒதறிட்டுத் திருகையில ஒடைப்பாங்க. வண்டு அண்டாது. சாம்பார் வாசம் அடுத்த தெருவுக்கு வரும். மூணு மூட்டைக்கு ரெண்டு கிலோ மூணு கிலோ முன்னப்பின்ன வரும், எடை போட்டு நெசத்தைச் சொல்றேன்.

முதல்ல அஞ்சு கிலோ பஸ்ஸுல போட்டு விடுறேன். ஒரு நாளைக்கு வேகவச்சுப் பாருங்க. நல்லா மூணு தண்ணி அலசுங்க, செம்மண் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மூணரை கிலோ போடுற எடத்துல மூணு போட்டாலே போதும்னு நெனைக்கிறேன். அந்தப் பெரியவருக்கு ஊத்திட்டு அவர் என்ன சொன்னார்னு இங்க எழுதுங்க.

உறையூர்_மெஸ்

அனுப்புங்க அண்ணா. புதன்கிழமை அவருக்கு முதல் இலை.